மூன்றாவது அடி

எட்டேகால் மணி மின்சார ரயிலில் நிச்சயமான கல்யாணம், போன வாரம் அதே ரயிலில் நின்றுபோனது.

எட்மண்டும் ஜெபசீலனும் பல வருடங்களாக ஒரே பெட்டியில் எதிரெதிர் ஜன்னலில் உட்கார்ந்து தாம்பரத்திலிருந்து பீச் வரை போகிறவர்கள். எட்மண்டுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் ஒரு மகள், பேபி. ஜெபசீலனுக்கு பாங்க் வேலையில் ஒரு மகன், டைட்டஸ். மீனம்பாக்கத்தில் ஆரம்பித்த பேச்சு சைதாப்பேட்டையில் முடிவாகி, மாம்பலம் வருவதற்குள் இருவரும் ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் உலக்கை கேஸ் வந்தது.

குன்றத்தூர்ப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அங்காளம்மாள் என்ற விதவை, பட்டப்பகலில் வெட்டுக்கத்தியோடு வீட்டுக்குள் நுழைந்த கொழுந்தன் சேட்டுவை உலக்கையால் அடித்தாள். சேட்டு செத்துப்போனான். 'என் உயிரைக் காப்பாத்திக்கத்தான் அடிச்சேன்' என்றாள் அவள். 'விழுந்தவனை மேலும் அடித்தது ஏன்? கொல்லைக் கதவு திறந்திருந்ததே, ஓடியிருக்கலாமே?' என்றது போலீஸ் தரப்பு. தலையில் இருந்த காயம் மூன்று.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் நடந்த இந்த வழக்கைத் தாம்பரத்திலிருந்து பீச் வரை ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக விசாரித்தது.

"முதல் அடி தற்காப்பு. ரெண்டாவது அடி கோபம். மூணாவது அடி கொலை," என்று எட்மண்ட் மூன்று விரலையும் நீட்டிச் சொன்ன வாசகம் ரயிலில் பிரபலமாகி, பல்லாவரம் பிளாட்பாரத்தில் அவருக்கே யாரோ திருப்பிச் சொன்னார்கள்.

"கத்தி வச்சிருக்கிறவன் கீழே விழுந்தாலும் கத்தி அவன் கையிலதானே சார் இருக்கும்?" என்பது ஜெபசீலனின் கட்சி.

போன வியாழக்கிழமை பேச்சு முற்றியது. "சட்டம் தெரியாத வீட்ல பொண்ணைக் குடுக்கறதைப் பத்தி யோசிக்கணும்," என்றார் எட்மண்ட். "இரக்கம் இல்லாத வீட்லேர்ந்து பொண்ணு எடுக்கறதைப் பத்தியும் யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டு ஜெபசீலன் குரோம்பேட்டையில் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அந்தப் பெட்டியில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. இருந்தும் போனார்.

இன்று வெள்ளிக்கிழமை. தீர்ப்பு நாள்.

எட்மண்ட் லீவு போட்டிருந்தார். ஷேவ் செய்துகொண்டு வெளியே வந்தவர், மனைவி யூனிஸ் பட்டுப்புடவையில் நிற்பதைப் பார்த்தார். கையில் பிளம் கேக் வைத்த கூடை.

"எங்க கிளம்பிட்டே?"

"நாம கிளம்பிட்டோம். முடிச்சூருக்கு."

"அந்த ஆள் வீட்டுக்கா? தீர்ப்பு வர்ற நாள் அதுவுமா நான் எங்கேயும் வர்றதா இல்ல."

"தீர்ப்பு செங்கல்பட்டுல வருது. உங்களுக்கு இங்க என்ன வேலை? ஜட்ஜ் உங்களுக்குப் போன் பண்ணிக் கேக்கப் போறாரா?"

"நம்ம வீட்ல போனே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன். சட்டையைப் போடுங்க."

பேபி அதற்குள் டூட்டிக்குக் கிளம்பியிருந்தாள். அவளுக்கு இன்று ஸ்ப்ளிட் டூட்டி. மத்தியானம் மூன்று மணி வரை ஒரு பாதி, ராத்திரி மறு பாதி. நடுவில் கிடைக்கும் ஓய்வில் முடிச்சூருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். "வர்றப்போ யார் யாரோட பேசிகிட்டு இருக்கீங்கன்னு பாத்துட்டு உள்ள வர்றேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

முடிச்சூர் பஸ் அவர்களை இறக்கிவிட்ட இடத்தில் சாலை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது. முந்தாநாள் மழை. வயலாக இருந்த இடத்தில் மனைக்கற்கள் மஞ்சள் தலையை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருந்தன. வீடே இல்லாத ஒரு நகருக்கு இரும்பில் வளைவு வைத்துப் பெயர் எழுதியிருந்தார்கள். அதற்குப் பின்னால் தனியாக நின்றது ஜெபசீலன் புதிதாகக் கட்டிய வீடு. சுற்றுச்சுவர் பாதி எழும்பியிருந்தது.

எட்மண்ட் முழங்கால் வரை சேறோடு வாசலுக்கு வந்தார்.

"வாங்கக்கா! வாங்கண்ணே!" ஜெபசீலனின் மனைவி தனம் ஓடி வந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், இந்த வருகை இரண்டு அம்மாக்களும் சேர்ந்து போட்ட திட்டம் என்பது யாருக்கும் தெரிந்துவிடும். எட்மண்டுக்கும் தெரிந்தது.

"சார் இல்லையா?" என்றார். 'சம்பந்தி' என்று கேட்காமல் கவனமாக இருந்தார்.

"லீவு போட்டுட்டு வீட்லதான் இருந்தாரு. காலைப் பேப்பர் பத்தலையாம். மத்தியானப் பேப்பர்ல தீர்ப்பு வந்துடும்னு ரோட்டுக்குப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு. நீங்க காலைக் கழுவிட்டு வாங்கண்ணே. பின்னாடி தொட்டி இருக்கு."

பெண்கள் இருவரும் கேக்கோடு சமையலறைக்குப் போனார்கள். எட்மண்ட் வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போனார்.

கொல்லையில் கவர்னர் இருந்தது.

கவர்னர் என்பது ஜெபசீலன் கிறிஸ்துமஸுக்காக வளர்த்த வான்கோழி. தொண்டையில் சிவப்புச் சதை தொங்க, வாலை விசிறிபோல விரித்து, மார்பை நிமிர்த்தி அது நடப்பதைப் பார்த்துத் தனம் வைத்த பெயர். தபால்காரர் அதைப் பார்த்த பிறகு கடிதங்களை வாசலிலிருந்தே வீசி எறிகிறார். பால்காரர் மணி அடித்துவிட்டு ரோட்டிலேயே நின்றுவிடுகிறார். இதையெல்லாம் எட்மண்டுக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் தொட்டியில் தண்ணீர் மொண்டு ஒரு காலைக் கழுவினார். இன்னொரு காலைத் தூக்கினார். பின்னால் ஏதோ கொதிப்பதுபோல ஒரு சத்தம். திரும்பினார்.

இடுப்புயரத்துக்கு ஒரு பறவை, தலை நீலமாகி, கழுத்து சிவந்து, அவரைப் பார்த்து நின்றது.

"ச்சூ," என்றார் எட்மண்ட்.

அது அவர் கெண்டைக்காலில் கொத்தியது. ஒற்றைக்காலில் நின்றவர் தடுமாறித் தொட்டியில் இடித்துக்கொண்டார். சொம்பு உருண்டது. "யூனிஸ்!" என்று கத்தினார். கவர்னர் இரண்டடி பின்வாங்கி, இறக்கையைத் தரையில் தேய்த்து, மறுபடி பாய்ந்தது. முகத்துக்கு நேராக வந்தது. சாரத்துக்காகச் சாய்த்து வைத்திருந்த சவுக்குக் கட்டை ஒன்று கையில் அகப்பட்டது.

அடித்தார்.

அதற்கப்புறம் அவருக்குத் தெரிந்ததெல்லாம், கட்டை கையில் இருந்தது, மூச்சு இரைத்தது, கவர்னர் சேற்றில் கிடந்தது. சமையலறை ஜன்னலில் தனத்தின் முகம். பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் கொத்தனார் பூவராகனின் தலை. வீட்டுக் கோடியில், கையில் பேப்பரோடு, ஜெபசீலன்.

"கவர்னர்!" என்றார் ஜெபசீலன். ஒரு மனிதனைக் கூப்பிடுவதுபோலவே இருந்தது.

கவர்னர் பதில் சொல்லவில்லை.

"சார், அது என் மேல பாய்ஞ்சுது," என்றார் எட்மண்ட்.

ஜெபசீலன் பறவையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் தலையைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார். எழுந்தார். ஒரு வாரமாக அடுத்த பெட்டியில் நின்றுகொண்டே போன மனிதர் அவர். கால்வலி எல்லாம் குரலில் வந்தது.

"எத்தனை அடி?"

"ஒரே அடி."

"மூணு," என்றாள் தனம் ஜன்னலிலிருந்து. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவைதான் அடிச்சேன்!"

"நீ பாத்தியா தனம்?"

"பாத்தேன்… ரெண்டு பாத்தேன். அதுக்குள்ள பால் பொங்கிடுச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள கட்டை மறுபடி மேல இருந்துச்சு."

ஜெபசீலன் சுவர்ப் பக்கம் திரும்பினார். "பூவராகா! நீ பாத்தியா?"

பூவராகன் கரண்டியைக் கீழே வைத்தான். "பாத்துகினுதான் சார் இருந்தேன். மொத அடி நல்லா வுய்ந்துச்சு. ரெண்டாவது அத்தவிட ஷோக்கா வுய்ந்துச்சு. மூணாவது அடிக்கசொல்லோ நான் குனிஞ்சு கலவை அள்ளிகினு இருந்தேன். சத்தம் கேட்டுது."

"பாக்கலியே!" என்றார் எட்மண்ட்.

"சத்தம் கேட்டுது சார்."

"சத்தம் வேற எதுவா வேணா இருக்கலாம். செங்கல் விழுந்திருக்கலாம்."

"நான் இருக்கசொல்லோ செங்கல் இன்னாத்துக்கு சார் வுயுது?" என்றான் பூவராகன், தொழிலைக் குறை சொன்னதாக நினைத்து.

ஜெபசீலன் வராந்தாவிலிருந்து இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து கொல்லையில் போட்டார். ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்றை எட்மண்டுக்குக் காட்டவில்லை. அதன் மேல் பேப்பரை வைத்தார்.

"காயம் எங்க?"

எட்மண்ட் வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். நல்ல வெளிச்சத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

"இதுக்கா?"

"முகத்துக்கு வந்துது சார்! கண்ணைக் கொத்தியிருந்தா?"

"சரி. முதல் அடியை ஒத்துக்கறேன். முதல் அடி தற்காப்பு," என்றார் ஜெபசீலன். "முதல் அடியிலேயே அது விழுந்துடுச்சு. விழுந்த பிராணியால உங்களுக்கு என்ன ஆபத்து?"

"விழுந்தா என்ன சார்? மூக்கு அதுகிட்டதானே இருக்கு!"

சொல்லிவிட்டு எட்மண்டே திகைத்து நின்றார்.

"கேட் திறந்துதானே இருந்துது? ஓடியிருக்கலாமே?"

"சேறு சார். வழுக்குது. ஒரு கால்தான் கழுவியிருந்தேன்."

"வர்றப்போ அந்தச் சேத்துலதானே நடந்து வந்தீங்க?"

"அப்ப பின்னாடி யாரும் துரத்தலையே!"

யூனிஸ் புறவாசல் படியில் நின்று ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் முழுக்க இரவு சாப்பாட்டு வேளையில் அவள் கேட்ட வாதங்கள்தான் இவை. வாய்கள் மட்டும் மாறியிருந்தன.

"ரெண்டாவது அடி கோபம்," என்றார் ஜெபசீலன் விரலை நீட்டி. "அதையும் மன்னிக்கலாம். மூணாவது? அது என்ன சார்? நீங்களே சொல்லுங்க. மூணாவது அடி என்ன?"

எட்மண்ட் கட்டையைக் கீழே போட்டார்.

"கொலை!" என்றார் ஜெபசீலன். "எனக்கு இப்பதான் புரியுது. அந்தப் பொம்பளையும் சேட்டுவை இப்படித்தான் அடிச்சிருக்கா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"என்ன சார் பேசறீங்க? அவ பாவம், கத்தியோட வந்தவன்கிட்டேர்ந்து உயிரைக் காப்பாத்திகிட்டா!"

"மூணு தடவையா?"

"எத்தனை தடவையா இருந்தா என்ன?"

தனம் கொதிக்கும் தண்ணீர் அண்டாவோடு வெளியே வந்தாள். "கொஞ்சம் தள்ளுங்க ரெண்டு பேரும். தீர்ப்பு வர்ற வரைக்கும் இதைச் சேத்துலயே போட்டு வைக்க முடியாது. இறகு பிடுங்கணும். யூனிஸக்கா, அந்த முறத்தை எடுத்துட்டு வாங்க."

"கிறிஸ்துமஸுக்கு வச்சிருந்தது தனம்," என்றார் ஜெபசீலன் உடைந்த குரலில்.

"கிறிஸ்துமஸுக்கும் அதை உயிரோட சாப்பிட்டிருக்க மாட்டோம். தள்ளுங்க."

ஜெபசீலன் பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதில் தீர்ப்பு வரவில்லை. மாலைக்குள் எதிர்பார்க்கப்படுவதாக மட்டும் போட்டிருந்தது.

எட்மண்ட் கிணற்றுப் பக்கம் போய் நின்றார். யூனிஸ் முறத்தைக் கொடுத்துவிட்டு அவரிடம் வந்தாள். கணவரின் கையில் சேறு அப்பியிருந்தது. அந்தக் கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"யூனிஸ். நீ பாத்தியா? எத்தனை அடி?"

"நான் கேக் நறுக்கிகிட்டு இருந்தேன். பாக்கல."

"எனக்கு ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. பைபிள் மேல சத்தியம் பண்ணச் சொன்னாலும் ஒண்ணுன்னுதான் சொல்லுவேன்." குரலைத் தாழ்த்தினார். "அந்த அம்மாவும் கோர்ட்ல அப்படித்தான் சொன்னா. 'ஒரு தடவை அடிச்சேன், மத்தது எனக்கு நினைவில்ல'ன்னு. நான் அதை ரயில்ல அவ மாதிரியே பேசிக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடியும் செஞ்சு காட்டச் சொன்னாங்க. காட்டினேன்."

யூனிஸ் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பூவராகன் செங்கல்லைத் தட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு எதிர்ல வந்தது வான்கோழிங்க," என்றாள் கடைசியில். "அவளுக்கு எதிர்ல வந்தது வான்கோழி இல்ல."

எட்மண்ட் தலையாட்டினார். இன்னொரு காலைக் கழுவாமலே மறந்திருந்ததை யூனிஸ்தான் பார்த்துச் சொன்னாள்.

மத்தியானம் முழுக்க வீடெங்கும் மசாலா வாசனை. இரண்டு அப்பாக்களும் வராந்தாவின் இரண்டு கோடியில் உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் படித்தார்கள்.

நாலரை மணிக்கு மேல் டைட்டஸ் பாங்கிலிருந்து வந்தான். உயரமான, சாதுவான பையன். யாராவது எங்கேயாவது உட்காரச் சொன்னால் உட்காருவான், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருப்பான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். முறத்தில் கிடந்த இறகுகளைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் உள்ளே போய்க் கைலிக்கு மாறிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் பேபி வந்தாள். கைப்பை, குடை, சேறாகாமல் கையில் பிடித்திருந்த செருப்பு. வாசலில் நின்று இரண்டு அப்பாக்களின் நாற்காலிகளுக்கு நடுவில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"செங்கல்பட்டு டிரங்க் கால் எல்லாம் உங்க எக்ஸ்சேஞ்ச் வழியாதானே போகும்?" ஜெபசீலன் நாற்காலி நுனிக்கு வந்தார். "பத்திரிகைக்காரங்க மெட்ராஸுக்குப் பேசியிருப்பாங்களே?"

"பேசினாங்க மாமா."

"தீர்ப்பு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

இரண்டு அப்பாக்களும் எழுந்து நின்றார்கள்.

"என்ன ஆச்சு?"

"சொல்லக்கூடாது மாமா. லைன்ல காதுல விழுந்ததை வெளில சொன்னா வேலை போயிடும்."

"நான் உன்னைப் பெத்த அப்பா," என்றார் எட்மண்ட்.

"அது டிபார்ட்மெண்டுக்குத் தெரியும்ப்பா. அப்படியும் சொல்லக்கூடாது."

"வாயால சொல்ல வேணாம்மா," என்றார் ஜெபசீலன். "விடுதலைன்னா தலையை மட்டும் ஆட்டு."

பேபி தலையை ஆட்டவில்லை. தனம் கொடுத்த காபியை ஆற்றிக் குடித்தாள். அவள் முகத்திலிருந்து ஏதாவது தெரியுமா என்று இருவரும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம், காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்ற செய்திதான்.

ஆகவே ரேடியோவில் மாநிலச் செய்தி வரும் வரை காத்திருந்தார்கள். வேளாண் நிகழ்ச்சியில் நெல்லுக்கு வரும் இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றி முழுதாகக் கேட்டார்கள். பூவராகனும் வேலை முடிந்து போகாமல் படியில் உட்கார்ந்தான். செய்தி ஆரம்பித்தது. அமைச்சர் ஒருவர் பாலம் திறந்தார். இன்னொருவர் அடிக்கல் நாட்டினார். அப்புறம்தான் அது வந்தது.

உலக்கை வழக்கில் அங்காளம்மாள் விடுதலை. உயிருக்கு அஞ்சி நிற்பவர், எத்தனை அடி போதும் என்று தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நீதிபதி தீர்ப்பில் கூறினார். மழை தொடரும்.

ஜெபசீலன் ரேடியோவை அணைத்தார். யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணை அவள் பார்த்ததுகூட இல்லை.

"நான் ஆரம்பத்துலேர்ந்து சொன்னதுதானே இது!" என்றார் ஜெபசீலன்.

"இன்னைக்கு மத்தியானம் நீங்க சொன்னது வேற சார்," என்றார் எட்மண்ட். "இதை நான் சொன்னேன். கொல்லையில வச்சு."

"மூணாவது அடி கொலைன்னு ரயில் முழுக்கச் சொன்னது யாரு?"

"அது நான் அடிக்கறதுக்கு முன்னாடி."

ஜெபசீலன் வாயைத் திறந்தார். மூடினார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் அழுகிறார் என்று நினைத்துத் தனம் ஓடி வந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு எட்மண்டுக்கும் தொற்றியது. "ஒரு கால்தான் கழுவியிருந்தேன்னாரே!" என்று ஜெபசீலன் திணறினார். "காயத்தைக் காட்டுங்கன்னா… காயத்தைக் காட்டுங்கன்னா…" முடிக்க முடியவில்லை.

இலை போட்டார்கள். வான்கோழிக் குழம்பு ஆவி பறக்க வந்தது. ஜெபசீலன் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டு, பெரிய கால் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து எட்மண்டின் இலையில் வைத்தார்.

"கால் சம்பந்திக்கு," என்றார்.

யூனிஸும் தனமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்து வேலை பலித்துவிட்டது.

"இன்னும் சம்பந்தின்னு கூப்பிட வேண்டாம் மாமா," என்றாள் பேபி.

கரண்டி அப்படியே நின்றது.

"என்னம்மா?"

"எனக்கு உங்க பையன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்கு அவர் பதில் சொல்லணும். அவரா சொல்லணும்."

டைட்டஸ் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்பாவைப் பார்த்தான்.

"கேஸைப் பத்தியா?" என்றான் தயங்கி. "நான் அந்தக் கேஸைப் படிக்கவே இல்லைங்க. பேப்பரைப் பிரிச்சா அப்பா வாங்கிடுவாரு."

தாம்பரம் தாலுகாவிலேயே உலக்கை கேஸில் அபிப்பிராயம் இல்லாத ஒரே ஆண்பிள்ளையை பேபி கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"கேஸைப் பத்தி இல்ல. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் வாங்க."

டைட்டஸ் கையைக் கழுவிக்கொண்டு போனான். நான்கு பெற்றோர்களும் வாசல்வரை வந்து, அதற்கு மேல் போவது மரியாதை இல்லை என்பதால், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு டியூப்லைட் எரிந்தது. பேபி சுற்றி வளைக்கவில்லை.

"கல்யாணம் ஆனதும் நான் வேலையை விட்டுடணும்னு உங்க அப்பா கேட்டாராம். எங்க அப்பா சரின்னுட்டாராம். சைதாப்பேட்டை ஸ்டேஷன்ல. எனக்கு நேத்துதான் அம்மா சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"இப்பதான் தெரியும்."

"நான் விட மாட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?"

டைட்டஸ் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தான். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை.

"பஸ் வந்துடுச்சு," என்றான்.

"அது பதில் இல்ல."

பேபி ஏறிக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் சேற்றில் ஒருமுறை உறுமி நகர்ந்தது. டைட்டஸ் கம்பத்தடியில் நின்றான். அப்புறம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

"டேய்! எங்கடா போறே?" என்ற ஜெபசீலனின் குரலும், "கைலியோட போறானே!" என்ற தனத்தின் குரலும் பின்னால் கேட்டன. அவன் படிக்கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறிவிட்டான்.

மூச்சு வாங்க வந்து பேபியின் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டைப் பையைத் தடவினான். சட்டையே இல்லை, பனியன்தான். பேபி அவனுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினாள்.

"எங்க போறீங்க?"

"எக்ஸ்சேஞ்சுக்கு. நீங்க வேலை பாக்கற இடத்தைப் பாக்கணும்."

"உள்ள விட மாட்டாங்க."

"வாசல்ல நிக்கறேன்."

"இந்தக் கோலத்துலயா?"

டைட்டஸ் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். பதில் சொல்வதற்குள் பஸ் நின்றது. வெள்ளை அங்கியும் கறுப்புக் குடையுமாக ஒருவர் ஏறினார். கல்யாணம் முடிவானால் ஞாயிற்றுக்கிழமை சபையில் இவர்கள் இருவரின் பெயரையும் சொல்லி, கல்யாண ஓலை என்கிற அறிவிப்பை வாசிக்க வேண்டிய போதகர் அவர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பார்த்தார். பேபியைப் பார்த்தார். பனியனைப் பார்த்தார். கைலியைப் பார்த்தார்.

"ஜெபசீலன் மகன்தானே நீ?" அவர் குரல் டிரைவர் வரைக்கும் போயிற்று. "எழுந்திரு. அங்க உக்காராதே. முன்னாடி வந்து என் பக்கத்துல உக்காரு."

பேபி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து யார் எழுந்திருக்கச் சொன்னாலும் எழுந்து பழகிய டைட்டஸின் முழங்கால்கள் தாமாகவே பாதி நிமிர்ந்தன.

அவன் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மறுபடி உட்கார்ந்தான்.

"ஐயா, மன்னிக்கணும்," என்றான். "நான் இங்கேயே உக்காந்துக்கறேன்."